நோட்டுல எழுத்து அழகா இருக்கு. படிக்கத் தெரியுதா?



இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ அரசுப் பள்ளியில ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளை இருந்தா, அதோட இங்கிலீஷ் நோட்டை வாங்கிப் பாருங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். கேள்வி கறுப்பு மையில, பதில் நீல மையில, அடியில ஸ்கேல் வெச்சுக் கோடு. "படி கண்ணு"ன்னு சொல்லுங்க. கடகடன்னு சொல்லும். இப்போ நடுவுல இருக்கிற ஏதோ ஒரு வார்த்தை மேல விரலை வெச்சு, "இது என்ன?"ன்னு கேளுங்க.

பல பிள்ளைகள் அங்கேயே நின்னுடும். சிலது முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிச்சுக்கிட்டே வந்து, அந்த இடத்தைத் தாண்டியும் போயிடும். அது மனப்பாடம். நோட்டுல இருக்கிறதும் எழுதினது இல்ல, கரும்பலகையையோ கைடையோ பார்த்து வரைஞ்சது.

பிள்ளையைத் திட்டாதீங்க. டீச்சரையும் திட்டாதீங்க.

இதை எதுக்குக் கட்சிப் பக்கத்தில் எழுதுகிறோம் என்று சிலர் கேட்பீர்கள். காரணம் இருக்கு. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் போதும், மூன்றாவது மொழியைத் திணிக்காதே என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறோம். அந்த நிலைப்பாட்டுக்காக 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோதும் தமிழ்நாடு பின்வாங்கவில்லை. நாமும் ஹேஷ்டேக் போட்டோம், பெருமைப்பட்டோம். சரி. ஆனால் அந்த இரண்டில் இரண்டாவது மொழி, பாலக்கோட்டில் ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா? சேரவில்லை என்றால் நாம் காப்பாற்றியது எதை?

ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மண் என்று மேடையில் பேசுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே எழுத்தறிவில் கடைசி இடம் தருமபுரிக்கு. மாநில சராசரி 80.09 சதவீதம், நம்ம மாவட்டம் 68.54. அது ஏழு வயசுக்கு மேல் எல்லோரையும் சேர்த்த கணக்கு, பழைய கணக்கும்கூட. இன்றைய பள்ளிப் பிள்ளைகளின் நிலை அதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனா ஒண்ணு யோசிங்க. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன அப்பா அம்மா பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறாங்க? பாட்டிகிட்ட. அந்தக் கணக்குல எழுத்தறிவு இல்லாதவங்கன்னு பதிவான பாட்டிதான் பல வீடுகள்ல பிள்ளைக்கு ராத்திரி துணை. ட்யூஷன் கிடையாது. "இந்த வார்த்தை என்ன?"ன்னு கேட்க வீட்டுல ஆள் கிடையாது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வீட்டுல கன்னடமோ தெலுங்கோ பேசுற குடும்பங்களும் நிறைய. அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் மூணாவது மொழி.

இதுக்கு மேல கொரோனா. 2025-26ல ஆறாவது படிக்கிற பிள்ளை ஒண்ணாம் வகுப்புல சேர வேண்டிய வருஷம் 2020. ஒண்ணு முதல் எட்டு வரைக்குமான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதாவது, எழுத்தையும் ஒலியையும் சேர்த்துக் கத்துக்கிற அந்த ஒண்ணாம் வகுப்பே அதுக்கு இல்ல. 'எண்ணும் எழுத்தும்' 2022 ஜூனில் 1 முதல் 3 வரைக்கும் வந்தது, மறு வருஷம் 4, 5க்கும் வந்தது. நல்ல திட்டம். ஆனால் 2025-26ல எட்டாவது படிக்கிற பிள்ளை 2022ல் ஐந்தாம் வகுப்பு. திட்டம் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது அது ஆறாவதுக்குப் போயிடுச்சு. பஸ் வரும்போது ஸ்டாப்பைத் தாண்டி நடந்துட்ட மாதிரி.

ஆறாவது முதல் பருவ இங்கிலீஷ் புத்தகம் கடல் ஆமைகளைப் பற்றிய பாடத்தோடு ஆரம்பிக்கும். சேகர் தத்தாத்ரி எழுதியது, அருமையான பாடம், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா மூணு எழுத்து வார்த்தையைக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பாடம் கடல் மாதிரிதான். டீச்சர் என்ன செய்வார்? தமிழில் கதை சொல்லுவார், கேள்வி பதிலை போர்டில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதும். போர்ஷன் முடிக்கணுமே.

சட்டத்தையும் பாருங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கேட்கிற குறைந்தபட்சம்: அறிவியல்-கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், 'மொழிகளுக்கு' ஒருவர். மொழிகள் என்று பன்மையில் போட்டுவிட்டு, ஆசிரியர் மட்டும் ஒருமை. தமிழும் இங்கிலீஷும் ஒரே ஆள் மூன்று வகுப்புக்கும் எடுத்தாலும் சட்டப்படி சரியே. மலையடிவாரத்துச் சின்ன நடுநிலைப் பள்ளிகளுக்கு இதன் அர்த்தம் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

சரி, பிள்ளைக்கு எங்கே சிக்குது?

தமிழ்ல ப ஒரே எழுத்து. பழத்துக்கும் அதே, கம்பத்துக்கும் அதே. இங்கிலீஷ்ல அந்த ரெண்டு ஒலிக்கும் ரெண்டு எழுத்து. புத்தகப் பைக்கு 'பேக்', மூட்டை கட்டுறதுக்கும் 'பேக்'. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு. இங்கிலீஷ்ல முதல் எழுத்தும் வேற, கடைசி எழுத்தும் வேற. தமிழ்ல உயிர் எழுத்து பன்னிரண்டு, எழுதினபடியே படிக்கலாம். இங்கிலீஷ்ல உயிர் எழுத்து அஞ்சு, அதை வெச்சுக்கிட்டு இருபது ஒலி வரைக்கும் சமாளிக்கணும். இதை யாரும் பிரிச்சுச் சொல்லிக் கொடுக்காம நேரா பாடத்துக்குள்ள தள்ளினா, பிள்ளை மனப்பாடத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிக்கிறதைத் தவிர வேற வழி இல்ல.

ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சாதகமும் இருக்கு, நாம் அதைப் பயன்படுத்துறதே இல்ல. கடல், தங்கம், பகல் மூணுலயும் க ஒரே எழுத்து, ஒலி மூணு. பிள்ளை தடுமாறாமப் படிக்குது. இடத்தைப் பார்த்து ஒலியை மாத்துறது அதுக்குப் பழகின வித்தை. "சி எழுத்து பூனைக்குப் போட்டா 'கேட்', நகரத்துக்குப் போட்டா 'சிட்டி', நம்ம க மாதிரிதான்"னு சொன்னா அதுக்குப் பயம் பாதி குறையும்.

இன்னொண்ணு, வாயில ஏற்கெனவே இருக்கிற இங்கிலீஷ். பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போன எந்தப் பிள்ளையையும் கேளுங்க. லாரி, லோடு, மார்க்கெட், ரேட், கிலோ, டிரைவர், பில். பஸ்ல ஏறினா டிக்கெட், ஸ்டாப், சீட். போன்ல சார்ஜர், சிக்னல், ரீசார்ஜ். எழுத்து மட்டும்தான் பாக்கி. கடல் ஆமைக்கு முன்னாடி ஒரு மாசம் இந்த வார்த்தைகளை எழுத வையுங்க. அப்புறம் தினமும் சொந்தமா மூணே மூணு வரி. 'அப்பா லாரியில் லோடு ஏத்தினார், ரேட் இல்லை' என்பதைத் தப்பும் தவறுமா இங்கிலீஷ்ல எழுதட்டும். எல்லாத் தப்பையும் சிவப்பு மையில வட்டம் போடாம ஒரு தப்பை மட்டும் எடுத்துப் பேசினால் போதும். கைடைப் பார்த்து எழுதுற முப்பது வரியைவிட அந்த மூணு வரிக்கு மதிப்பு அதிகம்.

2025-26ல் ஆறு முதல் ஒன்பது வரைக்கும் 'திறன்' இயக்கம் வந்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை இல்லாத பிள்ளைகளுக்குத் தனிக் கவனம். வரவேற்கிறோம். எட்டாவது வரை ஃபெயில் போடாததையும் ஆதரிக்கிறோம். பிள்ளையை உட்கார வெச்சா படிப்பு வராது, பெண் பிள்ளைன்னா கல்யாணப் பேச்சுதான் வரும், நம்ம மாவட்டத்துல அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் பாஸ் என்பதால், படிக்கத் தெரியாத பிள்ளை யார் கண்ணிலும் படாமல் ஒன்பதாவது வரை வந்துவிடுகிறது. அடிப்படைக்குத் திரும்பிப் போகிற ஆசிரியரிடம் "ஏன் போர்ஷன் முடியலை?" என்று ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேட்கக் கூடாது. அதற்கு எழுத்துபூர்வமான உத்தரவாதம் வேண்டும். எங்கள் முதல் கோரிக்கை அதுதான்.

இரண்டாவது, புத்தகம். தமிழுக்கு 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் கொடுத்தது. பிள்ளைகள் சண்டை போட்டு எடுத்துப் படித்தார்கள். அதே மாதிரி இங்கிலீஷுக்கும் வேண்டும். பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். ஒகேனக்கல் பரிசல், சித்தேரி மலை, கேழ்வரகுக் களி, எருது கட்டு என்று பிள்ளைக்குத் தெரிஞ்ச உலகமா இருக்கட்டும். எழுதித் தர நம்ம மாவட்டத்திலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

கமெண்ட்டில் எந்த ஆட்சியில் என்ன நடந்தது என்று சண்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும் என்பது சட்டம். உங்க ஊர்ப் பள்ளியில அந்தக் குழு அடுத்து என்னைக்குக் கூடுதுன்னு விசாரிங்க. கட்சித் துண்டு இல்லாமப் போங்க. கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை எல்லாம் பேசி முடிச்ச பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எட்டாவதுல எத்தனை பிள்ளை இங்கிலீஷ்ல ஒரு பத்தியைப் பார்த்துப் படிக்கும்?"

என்ன பதில் வந்ததுன்னு பள்ளிப் பேர், பிள்ளைப் பேர் போடாம, ஒன்றியத்தை மட்டும் குறிப்பிட்டுக் கீழே எழுதுங்க. தொகுத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுக்கிறோம்.

#தருமபுரி #அரசுப்பள்ளி #இருமொழிக்கொள்கை