தத்துக் குழந்தைக்கு நிறப் பொருத்தமா?

ஒரு தம்பதி தத்து எடுக்கப் போகிறார்கள். அதிகாரி என்ன பார்க்க வேண்டும்? வீட்டில் அன்பு இருக்கிறதா, பிள்ளையை வளர்க்க வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலின் நிறத்தையும் பார்க்கலாமா?

அமெரிக்காவில் நெடுங்காலம் அதையும் பார்த்தார்கள். கண், தலைமுடி, மதம் எல்லாம் பெற்றோருக்குப் பொருந்துகிற குழந்தையாகத் தேடிக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்தால், "பெற்ற பிள்ளை" என்றே நினைக்க வேண்டுமாம்!

இப்படிப் பொருத்தம் பார்த்ததில், கலப்பினக் குழந்தைகள் யாருக்கும் பொருந்தாமல் போனார்கள். இந்தியத் தந்தைக்கும் வெள்ளைக்காரத் தாய்க்கும் பிறந்த ஒரு பாலகனுக்கு வீடே கிடைக்கவில்லை. 1938-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை பேர்ல் பக் அம்மையார் அவனை ஏற்றுக்கொண்டார். அவனைப் போன்ற குழந்தைகளுக்காக 1949-ம் ஆண்டில் பென்சில்வேனியாவில் "வெல்கம் ஹவுஸ்" என்ற இல்லத்தைத் தொடங்கினார். யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளைக் கேட்டுப் பெற்றோர்கள் வந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு.

1972-ம் ஆண்டில் அமெரிக்கக் கறுப்பினச் சமூக ஊழியர்களின் சங்கம், கறுப்புக் குழந்தையை வெள்ளையர் வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்றது. ஏன்? நிறவெறி உள்ள நாட்டில் அந்தக் குழந்தை நாளை அவமானப்படும். அதை எப்படித் தாங்குவது என்று, அந்த அவமானத்தை அறியாத பெற்றோர் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள்? கறுப்புத் தம்பதிகளைத் தேடி அழைத்தால் வரமாட்டார்களா?

நியாயமான கேள்விகள்தான். வேறு இனத்து வீடுகளில் வளர்ந்த பலர், பெரியவர்களான பிறகு இதையே சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளியில், தெருவில், தன்னைப் போல் ஒரு முகம்கூட இல்லை! சுருட்டை முடியை எப்படி வாரிப் பின்னுவது என்றுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை. சின்ன விஷயமா இது? தினமும் கண்ணாடி பார்க்கும் சிறுமிக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும், பொருத்தமான வீடு வரட்டும் என்று குழந்தையைக் காக்க வைக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது வாழ்வில் ஐந்தில் ஒரு பங்கு!

அமெரிக்காவில் 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் நிறுவனங்கள், இனத்தைக் காரணம் காட்டித் தத்துக் கொடுக்க மறுக்கவோ, தாமதிக்கவோ கூடாது என்றாகிவிட்டது. இங்கிலாந்திலும், குழந்தையின் இனத்தைத் தனியே கவனிக்க வேண்டும் என்ற விதி 2014-ம் ஆண்டில் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

சட்டம் மாறினால் அதிகாரிகளின் மனம் மாறிவிடுமா?

அதே இங்கிலாந்தில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீக்கியத் தம்பதி தத்துக் கேட்டார்கள். எந்த இனக் குழந்தையானாலும் சம்மதம் என்றார்கள். நகராட்சியோ, "இங்கே இருப்பவை வெள்ளைக் குழந்தைகள்; உங்களுக்குக் கிடைப்பது கடினம்" என்ற பாணியில் பதில் சொன்னது. அவர்கள் நல்ல பெற்றோரா, குழந்தையின் இனத்தை மதித்து வளர்ப்பார்களா என்று விசாரிக்கவே இல்லை. விசாரித்துவிட்டு மறுத்திருந்தாலும் ஒரு அர்த்தம் உண்டு!

தம்பதி கோர்ட்டுக்குப் போனார்கள். இனப் பாகுபாடு காட்டியது உண்மை என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பவுன் நஷ்டஈடு கிடைத்தது.

அதற்கு முன்பே, கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து ஒரு குழந்தையை அவர்கள் தத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.