துணிச்சல் அல்ல, நெருக்குதல்

போஸ்னியப் போர்க்குற்றவாளி ஒருவரை நிருபர்கள் தேடிப் போகும் ‘தி ஹன்டிங் பார்ட்டி’ (2007) படத்தைப் புகழ்வோர் அதிலிருந்து எடுக்கும் பாடம் இது: சர்வதேச அமைப்புகள் தூங்கும், துணிந்த தனிமனிதர்களே போர்க்குற்றவாளிகளைப் பிடிப்பார்கள். முதல் பாதியில் உண்மை உண்டு. மறுபாதி வெறும் சினிமா. படத்துக்கு வித்திட்ட நிஜ நிருபர்கள் யாரையும் பிடிக்கவில்லை. வில்லனுக்கு மூலமான போஸ்னிய செர்பியத் தலைவர் ரடோவன் கராஜிச், யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான ஐ.நா. தீர்ப்பாயத்தில் 1995-இல் குற்றம் சாட்டப்பட்டும், பெல்கிரேடில் தாடி வளர்த்து, மாற்று மருத்துவராகப் பத்திரிகையில் எழுதி, மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பிய புதிய அரசு செர்பியாவில் அமைந்த 2008 ஜூலையில்தான் பிடிபட்டார். குறைவாக இருந்தது வீரம் அல்ல, அரசின் விருப்பம்.

சொந்தப் போலீஸ் இல்லாத அந்தத் தீர்ப்பாயத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். போலீஸ் இல்லாததால்தான் அரசுகளை நெருக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்குதல் பலித்தது. கடைசியாகத் தேடப்பட்ட போஸ்னிய செர்பியத் தளபதி ராட்கோ மிலாடிச்சும் குரோஷிய செர்பியத் தலைவர் கோரான் ஹாஜிச்சும் 2011-இல் சிக்கியபின், குற்றம் சாட்டப்பட்ட 161 பேரில் தலைமறைவாக ஒருவரும் மிஞ்சவில்லை. படமோ குற்றவாளியைப் பாதிக்கப்பட்டவர்களின் கூட்டத்தில் தள்ளிவிட்டு முடிகிறது. அது ஆத்திரத்தைத் தீர்க்கும், எதையும் நிரூபிக்காது. ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலையில் கராஜிச்சின் பொறுப்பைச் சாட்சியங்களோடு நிறுவி, 2019-இல் ஆயுள் தண்டனை வரை கொண்டுபோனது, படம் கேலி செய்யும் அந்த மந்தமான நீதிமுறைதான்.