அம்மாவின் இதயத்துக்கு லீட் பேங்க் யார்?

இந்தப் பதிவில் சூடு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். நாக்பூர் வெயில் மட்டும் காரணம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக பேங்கில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் நான் சண்டை போடப் போகும் விஷயத்தில் மருத்துவம் பாதிதான். மீதிப் பாதி, யார் பொறுப்பு என்ற கேள்வி. அது என் தொழில்.

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று ஒரு கோளாறு. சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு. அதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுக்கிறார்கள்.

ஏ.எஃப். பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பி.பி., சர்க்கரை, கிட்னி, தைராய்டு, பழைய ஸ்டென்ட் என்று பரிவாரத்தோடுதான் வரும். பரிவாரத்தில் ஆளுக்கு ஒரு டாக்டர், டாக்டருக்கு ஒரு சீட்டு. பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 76. சர்க்கரை, பி.பி., மூட்டு வலி, கொஞ்சம் ஏறிய கிரியாட்டினின், இவற்றோடு ஏ.எஃப். இதய டாக்டர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதினார். சர்க்கரைக்குப் பார்க்கும் இன்னொருவர், "வயசாயிடுச்சு, இத்தனை வியாதி இருக்கு, ரத்தம் கசியும், ஆஸ்பிரின் போதும்" என்று அதை நிறுத்திவிட்டார். மூட்டு வலிக்குப் பார்ப்பவர் டைக்ளோஃபெனாக் எழுதினார். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால் அம்மா, "பெரிய டாக்டராச்சேப்பா, நான் என்னத்தைக் கேக்கறது?" என்கிறார்.

"வயசாயிடுச்சு, பல வியாதி இருக்கு" என்ற இந்த வாதம் தலைகீழ். பக்கவாத ஆபத்தைக் கணக்கிட டாக்டர்களிடம் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 75 வயது ஆகிவிட்டால் 2, சர்க்கரைக்கு 1, பி.பி.க்கு 1. அம்மாவுக்கு மொத்தம் 4. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல்படி 2 வந்தாலே மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது எந்தக் காரணங்களைச் சொல்லி நிறுத்தினார்களோ, அதே காரணங்களுக்காகத்தான் கொடுக்க வேண்டும்!

ஆஸ்பிரின் போதுமா? இங்கிலாந்தில் 75 வயதைத் தாண்டிய 973 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007ல் வெளியானது. பெரிய பக்கவாதம், மூளையில் ரத்தக் கசிவு போன்றவை ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 3.8 சதவீதம், வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் 1.8 சதவீதம். மூளைக்கு வெளியே ஏற்பட்ட பெரிய ரத்தக் கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுக்கும் ஆஸ்பிரின் பாதுகாக்கவும் இல்லை, பெரிதாக ரத்தத்தை மிச்சப்படுத்தவும் இல்லை.

ரத்தக் கசிவு பயம் பொய் என்று சொல்லவில்லை. அதற்கு வழி, கசிவைத் தூண்டுவதை நிறுத்துவது. பி.பி.யைக் கட்டுப்படுத்த வேண்டும். வயிற்றுப் புண் இருந்தால் பார்க்க வேண்டும். முக்கியமாக, டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைத் தூர வைக்க வேண்டும். அவை ரத்தக் கசிவையும் கூட்டும், கிட்னியையும் கெடுக்கும். அம்மா விஷயத்தில் நடந்தது என்ன? காக்கும் மாத்திரை போனது, கெடுக்கும் மாத்திரை வந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் கூத்து உண்டு. ஸ்டென்ட் வைத்தபோது எழுதிய ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் வருஷக்கணக்கில் யாரும் நிறுத்தாமல், ஏ.எஃப். மாத்திரையும் கூடச் சேர்ந்து ஓடும். ஜப்பானில் 2019ல் வெளியான ஆய்வில், ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் தாண்டி நிலையாக இருந்த ஏ.எஃப். நோயாளிகளுக்கு ரிவராக்ஸபான் மட்டும் கொடுத்தபோது, கூட இன்னொரு மாத்திரை சேர்த்ததைவிட ரத்தக் கசிவும் குறைந்தது, மரணமும் குறைந்தது. ஆனால் எழுதியவர் ஒருவர், நிறுத்த வேண்டியவர் இன்னொருவர் என்று இருந்தால் யார் நிறுத்துவது? (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.)

என் பெரியம்மாவுக்கு 79 வயதில் ஒரு பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். சாதாரணமாக ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. அதுகூடப் போகட்டும், திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்று பல் டாக்டரும் சொல்லவில்லை, இதய டாக்டருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து வலது கையும் பேச்சும் போயின. இன்னும் வரவில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஒரே கம்பெனிக்கு நாலு பேங்க் சேர்ந்து கடன் கொடுத்தால் அதற்குப் பெயர் கன்சார்ட்டியம். அதில் ஒருவர் லீட் பேங்க். மொத்தக் கடன் எவ்வளவு, அடமானம் என்ன, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் ஃபைலில் இருக்கும். ஒரு நூற்பாலைக்கு இவ்வளவு ஏற்பாடு செய்கிற நாட்டில், நாலு டாக்டரிடம் போகும் ஒரு கிழவிக்கு லீட் டாக்டர் கிடையாது!

"பெரிய டாக்டருக்கு ஏது சார் நேரம்?" என்பீர்கள். பெரிய டாக்டர்தான் வேண்டும் என்று யார் சொன்னது? சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஏ.எஃப். உள்ள 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு கிராமத்து டாக்டரே மொத்தப் பொறுப்பு. நிபுணர்கள் தொலைவிலிருந்து அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். அந்தப் பகுதியில் மரணம், பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் தெளிவாகவே குறைந்தன. நம் தெருமுனை எம்.பி.பி.எஸ். டாக்டரால் முடியாதா? முடியும். அவரை நாம் கேட்பதில்லை.

ஆகவே, வெளியூரில் உட்கார்ந்திருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது:

1. எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதுங்கள். எதற்கு, யார் எழுதினார், எப்போதிலிருந்து என்பதோடு.

2. ஒரு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "மொத்தத்தையும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?" புது மாத்திரை எதுவும் அவர் கண்ணில் படாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் இதில் சேர்த்தி.

3. கிரியாட்டினின் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கிட்னி பலவீனம் என்றால் அடிக்கடி. புது மாத்திரைகளின் அளவு அதைப் பொறுத்தது. "எதுக்கும் பாதி அளவு போதும்" என்பது வைத்தியம் இல்லை.

4. செயற்கை உலோக வால்வு இருப்பவர்களும், மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களும் வார்ஃபரின் வகையிலேயே இருக்க வேண்டும். ஐ.என்.ஆர். பரிசோதனை தொல்லை என்று புது மாத்திரைக்குத் தாவக் கூடாது.

5. யாராவது நிறுத்தச் சொன்னால் இரண்டு கேள்வி: எதற்கு? திரும்ப எந்தத் தேதியில்?

மாஸ்டர் செக்கப்புக்குப் பணம் அனுப்புவது சுலபம். அந்த ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள் என்று கேட்பதுதான் கஷ்டம். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார்? பெயர் சட்டென்று வாயில் வரவில்லை என்றால், இன்று ராத்திரியே ஊருக்கு ஒரு போன் போடுங்கள்.