பயம் வருமுன் பழகுவோம்

பொதுத்தேர்வு நெருங்கினால் "பயப்படாதே" என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறோம். பயம் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லித் தருவதில்லை. வினாத்தாளை வாங்கும் கை வியர்க்கும்போது உட்கார்ந்து புதுவழி யோசிக்க யாருக்கும் நிதானம் இருக்காது. ஆகவே தனக்கு ஒத்துவரும் இரண்டு மூன்று உத்திகளை அமைதியான நாட்களிலேயே பழகி வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுப்பதைவிட நீளமாக, மெதுவாக விட்டால் இதயத்துடிப்பு தணியும். தினம் ஐந்து நிமிடம் இப்படிப் பழகியவர்களுக்கு ஒரு மாதத்தில் பதற்றம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். தேர்வுக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தம் கவலைகளைத் தாளில் கொட்டிய பதற்றக்கார மாணவர்கள் நன்றாக எழுதியதை 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

மதிப்பெண் பந்தயத்தைத் திருத்தாமல் பிள்ளையைத் திருத்துவதா என்று கேட்பார்கள். நியாயம்தான்; ஆனால் கல்விமுறை மாறும்வரை நாளைய கணக்குத் தேர்வு காத்திருக்காது. இதைவிட வலுவான ஆட்சேபம், உத்தியே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும் என்பது. அதற்கு ஓர் உரைகல் உண்டு: பழகிய உத்தி பிள்ளையைத் தேர்வறைக்குள் அனுப்புகிறதா, வயிற்றுவலி என்று வீட்டில் படுக்கவைக்கிறதா? தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்பது உளவியலின் பாலபாடம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் சொந்த உத்திகள் போதாது. அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416. அதை அழைப்பதும் பழகவேண்டிய உத்திகளில் ஒன்றுதான்.