படிக்கப் பணம் தரும் அரசு பணியிடக் கணக்கையும் தர வேண்டும்

தமிழ்நாட்டில் பி.எட். படிக்க வரும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் பலர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை நம்பியே கல்லூரியில் சேர்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்போருக்கான இந்தத் தொகையை ஒன்றிய அரசும் மாநில அரசும் ஆதிதிராவிடருக்கு 60:40 என்றும் பழங்குடியினருக்கு 75:25 என்றும் பகிர்ந்து தருகின்றன. ஓராண்டாக இருந்த பி.எட். 2015இல் இரண்டு ஆண்டாக நீண்டபின் செலவும் கூடிவிட்டது. இவ்வளவு பொதுப்பணத்தில் ஆசிரியர்களை உருவாக்கும் அரசு, அவர்களுக்கு எந்தப் பாடத்தில், எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டில் பணியிடம் இருக்கும் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்ல வேண்டும். சொன்ன ஆண்டில் தேர்வையும் நடத்த வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்தது இதற்கு நேர்மாறு. 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. 2013இல் தேறியவர்களுக்கு வெயிட்டேஜ் முறை வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் அதில் சேர்ந்ததால், பழைய மதிப்பெண் முறையில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். 2018இல் வந்த 149ஆம் எண் அரசாணை, தகுதித் தேர்வில் தேறியவர்களும் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. அந்தத் தேர்வு பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரியிலும் இடைநிலை ஆசிரியர்களுக்கு அதே ஆண்டு ஜூலையிலும்தான் நடந்தது. அரசாணைக்கும் தேர்வுக்கும் இடையே ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அத்தனை ஆண்டும் பயிற்சி மையத்தில் காத்திருக்கலாம். உதவித்தொகையில் படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிடைத்த வேலைக்குப் போகிறார், படித்த பாடம் கையைவிட்டுப் போகிறது. காலதாமதம் எல்லோருக்கும் பொதுவானதுதான், ஆனால் அதன் சுமை இவர்கள்மேல்தான் அதிகம் விழுகிறது.

உதவித்தொகை என்பது படிப்புக்கான உதவி, வேலைக்கான வாக்குறுதி அல்ல என்று சொல்லப்படுகிறது. சரிதான், தேர்வில்லாத நியமனத்தை நாங்கள் கேட்கவில்லை, போட்டித் தேர்வையும் எதிர்க்கவில்லை. அது எப்போது வரும் என்று தெரியாத நிலையைத்தான் எதிர்க்கிறோம். காலியிடத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதையும் ஏற்க இயலாது. ஒவ்வோர் ஆசிரியரின் ஓய்வு நாளும் பணிப்பதிவேட்டில் இருக்கிறது, மாணவர் எண்ணிக்கை பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது, பணியாளர் நிர்ணயம் ஆண்டுதோறும் நடக்கிறது. ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தபோது காலியிடங்கள் தள்ளிப்போகும் என்பது அன்றே தெரிந்த விஷயம். அந்த ஆண்டுகளில் பி.எட். சேர்ந்தவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை.

நிதி நெருக்கடி, உபரி ஆசிரியர்கள் என்ற வாதம் இவற்றைவிடக் கனமானது. மாணவர் குறைந்த பள்ளிகளில் உபரி இருப்பது உண்மை. ஆனால் 2022இல் 13,331 இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை, இடைநிலைக்கு 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்த அரசே முன்வந்தது. அந்த இடங்களில் ஆள் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தேவை உள்ள இடத்தைத் தொகுப்பூதியத்தால் நிரப்புவதை அரசு கைவிட வேண்டும். உண்மையிலேயே தேவை இல்லாத பாடங்களில், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம் அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு, வேறு படிப்புக்கு அதே உதவியை உறுதிசெய்ய வேண்டும்.