நடு நாட்டு நகரங்கள்

"பெண்ணுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது" என்று ஒரு தாயார் சொன்னால், கேட்பவர்கள் "என்ன படிப்பு?" என்று விசாரிப்பதில்லை. "எந்த ஊர்?" என்றுதான் கேட்கிறார்கள். நியூயார்க் என்றால் புருவம் உயர்கிறது. கலிபோர்னியா என்றால் முகம் மலர்கிறது. கிளீவ்லந்து என்று சொல்லிவிட்டாலோ, "ஓகோ, அப்படியா? காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

இதற்காக நம்மவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. அமெரிக்கர்களே அப்படித்தான் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் நியூயார்க். மேற்குக் கடற்கரையில் லாஸ் ஏஞ்சலஸ். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் விமானத்தில் போகும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து பார்க்கிற பூமி என்பது அந்த இரண்டு கரைக்காரர்களின் அபிப்பிராயம். அந்த நடுப் பிரதேசத்தில் சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லந்து, மில்வாக்கி, மின்னியாபொலிஸ், செயின்ட் லூயிஸ் என்று எத்தனை மகாநகரங்கள் இருக்கின்றன தெரியுமா?

'மத்திய மேற்கு' என்று அதற்குப் பெயர். மொத்தம் 12 மாநிலங்கள். பெயரில்தான் மேற்கு, தேசப் படத்தை விரித்தால் அந்தப் பெரிய நகரங்கள் எல்லாம் கிழக்குப் பாதியிலேயே இருக்கின்றன! ஒரு காலத்தில் கிழக்குக் கரையிலிருந்து மூட்டை முடிச்சுடன் கிளம்பியவர்களுக்கு அதுவே மேற்காக இருந்தது. பிறகு தேசம் பசிபிக் கடல் வரை நீண்டுவிட்டது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த நகரங்களைப் பற்றி நாலு குற்றச்சாட்டுகள் உண்டு. குளிர் தாங்காது, ரௌடிகள் ஜாஸ்தி, தொழில்கள் செத்துப் போய்விட்டன, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாமா?

முதலில் குளிர். இதை மறுத்துப் பேசுவது பொய் சொல்வதாகும். 1985 ஜனவரியில் சிகாகோவில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி சென்டிகிரேட் வரை இறங்கியது. ஆனால் அங்கே இருப்பவர்கள் குளிரோடு சண்டை போடாமல் சமாதானமாகப் போகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மின்னியாபொலிஸில் 1962-இல் ஒரு யோசனை செய்தார்கள். ஒரு கட்டிடத்தின் முதல் மாடியிலிருந்து எதிர்க் கட்டிடத்தின் முதல் மாடிக்கு, தெருவின் மேலேயே கண்ணாடிக் கூண்டு போல ஒரு பாலம் கட்டினார்கள். ஒன்று பத்தாகி, பத்து பலவாகி, இன்று கடைத்தெருவின் பெரும் பகுதியை மேல்கோட்டு இல்லாமலே சுற்றி வரலாம். வெளியே பனி கொட்டும். உள்ளே சம்சாரிகள் சாவகாசமாகச் சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது, ரௌடிகள். சிகாகோ என்றதும் பலருக்கு அல் கபோன்தான் ஞாபகம் வருகிறான். மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயத்தில் கொழுத்த அந்த ஆசாமி, வருமான வரி ஏய்த்த குற்றத்துக்காக 1931-இல் தண்டிக்கப்பட்டான். அவன் போய் எத்தனையோ காலமாகியும், சினிமாப் படங்கள் அவனை ஊரை விட்டுப் போக விடவில்லை. துப்பாக்கிக் கொலைகள் இன்றும் அங்கே நடக்கத்தான் செய்கின்றன. அவை பெரும்பாலும் சில பேட்டைகளிலேயே குவிந்திருக்கின்றன என்பதுதான் வேதனை. அந்தப் பேட்டைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஊருக்குக் கெட்ட பெயர் வருவதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1871 அக்டோபரில் சிகாகோவில் பெருந்தீ மூண்டது. சுமார் 300 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். பழி யார் தலையில் விழுந்தது? மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைத்த ஓலேரி என்ற ஏழை ஐரிஷ் அம்மாளின் தலையில்! அவளுடைய பசு மாடு லாந்தரை உதைத்துத் தள்ளிவிட்டதாம். ருசு எதுவும் கிடையாது. அந்த அம்மாள் வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே கண்ணை மூடினாள். அவளும் அவளுடைய மாடும் நிரபராதிகள் என்று சிகாகோ நகரசபை தீர்மானம் போட்டது 1997-இல்! ஒரு பெண்பிள்ளை மேல் விழுந்த பழி நீங்க 126 வருஷம் பிடித்தது. ஊரின் மேல் விழுந்த பழி மட்டும் சீக்கிரம் நீங்கிவிடுமா?

மூன்றாவது, செத்துப் போன தொழில்கள். இதில் உண்மை நிறைய இருக்கிறது. மோட்டார் பட்டணமான டெட்ராய்டில் 1950-இல் 18½ லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருவர்! தொழிற்சாலைகள் வெளியூர்களுக்குப் போயின; வசதியுள்ளவர்கள் புறநகர்களுக்குப் போனார்கள்; வரி கட்ட ஆளில்லை. 2013-இல் நகரமே மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டது.

அப்போது நடந்ததுதான் முக்கியம். கடன்காரர்களின் கண் டெட்ராய்ட் கலைக்கூடத்தின் மேல் விழுந்தது. விலைமதிப்பற்ற சித்திரங்கள் அங்கே இருக்கின்றன. டியகோ ரிவேரா என்ற மெக்ஸிகோ ஓவியர் 1932, 1933-இல் தொழிற்சாலைத் தொழிலாளர்களையே கதாநாயகர்களாக்கிச் சுவர் முழுவதும் எழுதிய ஓவியங்களும் அங்கேதான். "இவற்றை விற்றால் கடன் அடையுமே!" என்றார்கள். ஒரு பக்கம் சித்திரங்கள். இன்னொரு பக்கம் ஓய்வு பெற்ற ஊழியர்களின் பென்ஷன். குடும்பத்தில் கஷ்டம் வந்தால் பாட்டியின் அட்டிகையை விற்பதா, தாத்தாவின் மருந்தை நிறுத்துவதா என்று திகைப்போமே, அந்த நிலைமைதான். கடைசியில் தர்ம ஸ்தாபனங்களும் மாநில அரசும் கலைக்கூடமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தருவதாக ஏற்றன. சித்திரங்கள் தப்பின. பென்ஷனில் வெட்டு விழுந்தது. ஆனால் பயந்த அளவுக்கு விழவில்லை. 1988-இல் கடைசி ரயில் போனபின் பாழடைந்து கிடந்த டெட்ராய்ட் ரயில் நிலையத்தைப் போர்டு கம்பெனி வாங்கிப் புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தது.

கிளீவ்லந்தின் கதை இன்னும் விசித்திரம். அந்த ஊர் நதியே தீப்பற்றி எரிந்தது! தொழிற்சாலைக் கழிவு எண்ணெய் மிதந்த குயஹோகா நதியில் 1969 ஜூனில் நெருப்புப் பிடித்தது. அதற்கு முன்பும் பல தடவை பிடித்ததுண்டு. இந்தத் தடவை தேசமே சிரித்தது, பிறகு வெட்கப்பட்டது. சுத்தமான நீருக்காக 1972-இல் பிறந்த அமெரிக்கச் சட்டத்துக்கு அந்தத் தீயும் ஒரு தூண்டுகோல். இன்று அந்த நதியில் மீன்கள் திரும்பி வந்திருக்கின்றன. நம்முடைய கூவத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நான்காவது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது. இதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மிச்சிகன் ஏரி என்று பெயர்தான். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றே குறைவான நன்னீர்க் கடல் அது. அதன் கரையில் சிகாகோவில் சுமார் 18 மைல் தூரம் நடந்துகொண்டே இருக்கலாம். அந்தக் கரை தானாகக் கிடைத்துவிடவில்லை. தபால் மூலம் சாமான் விற்றுப் பணக்காரரான மாண்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி, ஏரிக்கரைப் பூங்காவில் கட்டிடம் எழும்பக் கூடாது என்று 1890-இலிருந்து சுமார் 20 வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். பெரிய மனிதர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு ஜெயித்தார். இன்று தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் எந்தத் தாயாரும் காசு கொடுக்காமல் அந்தக் காற்றை வாங்கலாம்.

கிளீவ்லந்துக் கலைக்கூடம் 1916-இல் திறந்தது முதல் அனுமதி இலவசம். செயின்ட் லூயிஸில் மிருகக்காட்சி சாலையும் கலைக்கூடமும் இலவசம். ஊருக்குள்ளேயே ஒரு பெரும் பூங்காவில் அவை இருக்கின்றன. நியூயார்க்கின் பெயர் பெற்ற மத்தியப் பூங்காவைவிட அது பெரியது! சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமா? வீட்டு விலையும் வாடகையும்கூட நியூயார்க், சான்பிரான்சிஸ்கோவோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. அங்கே ஓர் அறைக்குக் கொடுப்பதில் இங்கே ஒரு குடும்பம் கை காலை நீட்டிக் குடியிருக்கலாம்.

பெண்களுக்கும் இந்த நகரங்களுக்கும் ஒரு விசேஷ உறவு உண்டு. 1868-இல் தட்டெழுத்து யந்திரத்துக்கு மில்வாக்கிக்காரரான ஷோல்ஸ் தம் நண்பர்களுடன் உரிமை பெற்றார். அது பிறகு எத்தனை லட்சம் பெண்களை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தது! சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தம் தோழி எலன் ஸ்டாருடன் 1889-இல் ஏழைகளின் பேட்டையில் ஒரு வீட்டைத் திறந்தார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொண்டார்கள். தெருக் குப்பையால் குழந்தைகள் சாவதைக் கண்டு பொறுக்காமல், 1895-இல் அந்த வட்டாரத்தின் குப்பை இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தையே அவர் ஏற்றுக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போவாராம். அந்த அம்மையாருக்குத்தான் 1931-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இத்தனை பெருமையையும் சொல்லிவிட்டு ஒரு களங்கத்தை மறைத்தால் அது தரகர் பேச்சாகிவிடும். தெற்கு மாநிலங்களின் கொடுமை தாளாமல் லட்சக்கணக்கான கறுப்பு மக்கள் வேலை தேடி இந்த நகரங்களுக்கு வந்தார்கள். வேலை கிடைத்தது; வீடு கிடைக்கவில்லை. இன்ன தெருவில் கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அவர்கள் இருந்த பேட்டைகளுக்கு வீட்டுக் கடன் மறுத்தார்கள். சட்டம் மாறியும் அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. நான் முன்னே சொன்ன துப்பாக்கிப் பேட்டைகளில் பல, இப்படி ஒதுக்கப்பட்ட பேட்டைகள்தாம்.

நமக்குத் தெரிந்த ஒருவரும் அந்த ஊரின் இரண்டு முகங்களையும் பார்த்திருக்கிறார். சென்னை அன்பர்கள் வசூலித்த பணத்தோடு சுவாமி விவேகானந்தர் 1893-இல் சிகாகோவில் போய் இறங்கினார். செலவு கட்டுப்படியாகாமல், பாஸ்டனில் சிக்கனமாக இருக்கலாம் என்று அங்கே போனார். (இன்று நிலைமை தலைகீழ்!) திரும்பி வந்தவர், ரயிலடியில் ஒரு காலிப் பெட்டியில் இரவைக் கழித்தார். மறுநாள் வீடு வீடாகப் போனார், கதவுகள் மூடின. களைத்துப் போய்த் தெருவோரம் உட்கார்ந்தார். எதிர் வீட்டிலிருந்து திருமதி ஹேல் என்ற அம்மாள் இறங்கி வந்து, விசாரித்து, உள்ளே அழைத்துப் போய் உபசரித்தார். செப்டம்பர் 11-ஆம் தேதி சுவாமிகள் பேசியது உலகம் அறிந்த விஷயம்.

பிற்பாடு நம்மவர்கள் அங்கே நிலைத்தும் விட்டார்கள். வான சாஸ்திரி சந்திரசேகர் 1937-இலிருந்து 1995-இல் மறையும் வரை சிகாகோ பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை. குறுந்தொகைப் பாடல்களை 1967-இல் ஆங்கிலத்தில் நூலாகத் தந்த ஏ. கே. ராமானுஜன் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். காப்பி கொடுத்துப் பேச்சை மாற்றுகிறோமே, அந்தக் கிளீவ்லந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. நம் ஊர்ச் சபா வித்வான்கள் வருஷா வருஷம் அங்கே போய்ப் பாடுகிறார்கள்.

ஆகவே, பெண்ணுக்கோ பிள்ளைக்கோ அப்படி ஓர் ஊரிலிருந்து கடிதம் வந்தால், பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்; பெருமையைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். சம்பளத்தில் வாடகை எத்தனை பங்கு? கார் இல்லாமல் வேலைக்குப் போய் வர முடியுமா? (சிகாகோவில் முடியும்; டெட்ராய்டில் கஷ்டம்.) இரவில் எந்தத் தெரு வழியாக வர வேண்டும்? உடம்பு சரியில்லாவிட்டால் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? இவற்றை அங்கே இருக்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். பெட்டியில் மட்டும் நல்ல கம்பளிக் கோட்டு ஒன்றும் காலுக்குக் கனமான ஜோடு ஒன்றும் மறக்காமல் வைத்துவிடுங்கள்.