குளிசை பற்றிய பயமும் நம் பெண்களின் உரிமையும்

"குளிசை குடித்தால் பிறகு பிள்ளை தங்காது" என்ற பேச்சு முள்ளிக்குளத்துக் கரையிலும் கேட்கிறது, மலையகத்து லயங்களிலும் கேட்கிறது. சம்பளம், காணி, வீடு என்று எழுதும் தொழிற்சங்கப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கூடை சுமப்பதும் பிள்ளை சுமப்பதும் ஒரே உடல்தான். அந்த உடலைப் பற்றிய முடிவை யார் எடுப்பது என்பது சம்பளப் பிரச்சினையைவிடச் சிறியதல்ல என்பதே எங்கள் நிலைப்பாடு.

முதலில் உண்மையைப் பார்ப்போம். குளிசை சூல்முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. குடிப்பதை நிறுத்தினால் தடையும் நீங்கும். பெரும்பாலானோருக்கு ஓரிரு மாதங்களில் பழையபடி மாதவிடாய் வரும். ஒரு வருடத்துக்குள் பலரும் கருத்தரிக்கிறார்கள். எத்தனை வருடம் குடித்தாலும் கருப்பை கெடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இதிலிருந்து வேறுபட்டது. கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம்வரை ஆகலாம். ஊசியின் கதையைக் குளிசையின் தலையில் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

குளிசை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் இடையிடையே இரத்தம் படலாம், குமட்டல், தலையிடி வரலாம். பிறகு போக்கு குறையும், வயிற்றுவலியும் குறையும். இரத்தசோகையோடு மலையேறும் பெண்ணுக்கு இது சிறிய நன்மையல்ல. 28 குளிசை அட்டையில் 21 ஹோர்மோன் குளிசைகள். மற்ற ஏழில், பல அட்டைகளில், இரும்புச்சத்து இருக்கும்.

நீண்டகாலத்தில் சூலகப் புற்றுநோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு பாவிக்கும் காலத்தில் சற்றுக் கூடி, நிறுத்திய பின் படிப்படியாகக் குறைகிறது. ஐந்து வருடத்துக்கு மேல் பாவித்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடும். ஆகவே 35 வயதில் அரசாங்க கிளினிக்கில் செய்யும் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

எல்லோருக்கும் குளிசை பொருந்தாது. பிரசர் உள்ளவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், கண்முன் மின்னல் தெறிப்பதுபோல் தோன்றி ஒற்றைத் தலையிடி வருபவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் வைத்தியரிடம் வேறு முறை கேட்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும்போது குளிசையின் பலன் குறைந்துவிடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், பார்வை மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தம் உறைவது அரிது, ஆனால் ஆபத்தானது.

இந்த விளக்கம் கிடைக்காததால் நடப்பது என்ன? நிறுத்தினால் திரும்பிவிடும் குளிசைக்குப் பயந்து, திரும்பவே முடியாத ஒப்பரேஷனுக்குப் பெண்கள் போகிறார்கள். 1980களில் அந்த ஒப்பரேஷனுக்கு அரசாங்கம் பணமும் கொடுத்தது. வறுமையில் இருப்பவளிடம் பணத்தை நீட்டிக் கேட்டால் அது சம்மதமா?

பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 1956இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களிடம்தான் முதல் பெரிய குளிசைப் பரிசோதனை நடந்தது. பரிசோதனை என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அன்றைய குளிசையின் ஹோர்மோன் அளவு இன்றையதைவிடப் பல மடங்கு அதிகம். நம் பக்கத்திலும் 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சரியான விளக்கமில்லாமல் பெண்களின் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. அவர்கள் குறை சொன்னது மருந்தையல்ல, கேட்காமல் செய்ததை.

முள்ளிக்குளம் மக்கள் 2007இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2017இல்தான் ஒரு பகுதிக் காணியாவது விடுபட்டது. இப்படி இடம் மாறும் குடும்பத்தில் கிளினிக் கொப்பி தொலையும், பழகிய மருத்துவமாதுவும் மாறிவிடுவார். ஒரு மாதம் அட்டை கிடைக்காவிட்டால் அந்த மாதமே கரு தங்கலாம். தோட்டத்திலோ, கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும்.

ஆகவே நாங்கள் கேட்பவை: தமிழில் பேசி விளக்கும் மருத்துவமாதுகளின் வெற்றிடங்களை நிரப்புங்கள். எந்த முறைக்கும் முன்னால் நன்மை தீமை இரண்டையும் சொல்லுங்கள். கணவன், மாமியார், துரை, உத்தியோகத்தர் என்று யார் சொன்னாலும், அந்தப் பெண் சம்மதிக்காமல் எதையும் செய்யாதீர்கள். கிளினிக் நாளில் பேர் வெட்டாதீர்கள்.

சகோதரிகளே, குளிசை குடிப்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம். மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் ஏற்ப முடிவெடுங்கள். ஆனால் பீலிக்கரைப் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அடுத்த கிளினிக்கில் கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கிறோம்.